திண்ணையும் குழாயும்

2024ஆம் ஆண்டு ஜூன் மாதம், கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த செய்தி வெளிவந்துகொண்டிருந்த வாரம் அது. மயிலாப்பூரில் நமது அன்பியக் கூட்டம் முடிந்து எல்லாரும் எழுந்தபோது, வீட்டு வேலை செய்து பிழைக்கும் தாய் ஒருவர் நம்மிடம் வந்து, “மெத்தனால்னா என்னங்கய்யா? அதுவும் சாராயந்தானே? அதைக் குடிச்சா மட்டும் கண்ணு ஏன் போகுது?” என்று வினவினார். கல்லூரியில் வேதியியல் பயின்றவர் நாம். விடை நமக்குத் தெரியும். ஆனால் ஆங்கிலத்தில்தான் தெரியும். அன்று நாம் தட்டுத் தடுமாறிச் சொன்னது அவருக்கு விளங்கவில்லை. அவர் மரியாதையாகத் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார்.

விடை அவ்வளவு கடினமானதன்று. சாராயத்தில் போதை தருவது எத்தனால். மெத்தனால் அதன் உடன்பிறப்பு; ஒரு கரியணு குறைந்தது. நிறத்தாலோ மணத்தாலோ சுவையாலோ குடிப்பவர் இரண்டையும் பிரித்தறிவது அரிது. மெத்தனால் உடனே கொல்வதுமில்லை. கல்லீரல் அதனை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும், பின்னர் ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலமே பார்வை நரம்பைத் தாக்குகிறது. இரத்தத்தின் இயல்பைக் குலைக்கிறது. இதற்குப் பல மணி நேரம் ஆகும். ஆதலால் குடித்தவர் நலமாகவே வீடு திரும்புகிறார், உண்கிறார், உறங்குகிறார். மருத்துவமனைக்கு விரைய வேண்டிய பொழுது அதற்குள் கழிந்துவிடுகிறது. இதற்கு எத்தனாலையே மாற்று மருந்தாகக் கொடுப்பதுண்டு. கல்லீரலின் நொதி எத்தனாலையே முதலில் பற்றிக்கொள்ளும். மெத்தனால் நஞ்சாக மாறாமல் மெல்ல மெல்ல வெளியேறும். இவ்வளவுதான். இதனைத் தமிழில் தெளிவாகச் சொல்ல நமக்கு ஒரு வாரம் ஆயிற்று. அந்த ஒரு வாரத்தில்தான் தியாகராய நகரின் பசுல்லா சாலையில் வாழ்ந்து மறைந்த ஒரு முதியவரின் நினைவு நமக்கு வந்தது.

இராஜாஜியை நாம் பலவாறாக அறிவோம். இந்தியாவின் கடைசி கவர்னர் ஜெனரல், சென்னை மாகாணத்தின் பிரதமர், பின்னர் முதலமைச்சர், இராமாயணத்தையும் மகாபாரதத்தையும் எளிய தமிழில் தந்தவர். அவர் தமிழில் வேதியியல் நூல் எழுதியவர் என்பது பலருக்கு நினைவில்லை. அதன் பெயர் ‘திண்ணை ரசாயனம்’. தாவரங்களின் இனப்பெருக்கத்தைப் பற்றி அவர் எழுதியதற்கோ ‘தாவரங்களின் இல்லறம்’ என்று பெயரிட்டார். ஆய்வுக்கூடத்திலிருந்து வேதியியலை எடுத்துவந்து வீட்டுத் திண்ணையில் உட்கார வைக்கலாம் என்ற எண்ணம் அவருக்குத் திடீரென்று தோன்றியதன்று. அதன் வேர் சேலத்தில் இருக்கிறது.

1900ஆம் ஆண்டில் சேலத்தில் வழக்கறிஞராகத் தொழில் தொடங்கிய அவர், 1916இல் வெங்கடசுப்பையர் என்பவருடன் சேர்ந்து தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கம் என்றோர் அமைப்பை உண்டாக்கினார். வேதியியல், இயற்பியல், தாவரவியல், வானியல், கணிதம் ஆகிய துறைகளுக்குத் தமிழ்ச் சொற்களைத் திரட்டுவதும் புதியன ஆக்குவதும் அதன் பணி. தாய்மொழியே பள்ளிகளில் பயிற்றுமொழியாக வேண்டும் என்றும் ஏறத்தாழ அக்காலத்திலேயே அவர் வலியுறுத்தினார். சங்கத்தின் சார்பில் ஒரு பத்திரிகையும் வெளிவந்தது. வேடிக்கை என்னவெனில், தமிழ்ச் சொற்களைப் பற்றிய அந்தப் பத்திரிகை ஆங்கிலத்தில் நடந்தது. புதுச்சேரியில் இருந்த பாரதியார் இம்முயற்சியைப் பாராட்டினாலும், தமிழுக்காக நடக்கும் பத்திரிகை தமிழிலன்றோ நடக்க வேண்டும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. மறைமலையடிகளின் தனித்தமிழ் இயக்கம் தோன்றியதும் அதே 1916 என்பார்கள். சேலத்துச் சங்கம் வடசொற்களை அள்ளிக்கொண்டது. பிராணவாயுவா, உயிர்வளியா, ஆக்சிஜனா என்ற வழக்கு அன்று தொடங்கி இன்றும் முற்றாகத் தீர்ந்தபாடில்லை. நாம் எந்தக் கட்சியையும் இங்கே எடுத்துப் பேசப் போவதில்லை. கேட்பவர்க்குப் புரிந்த சொல் எதுவோ அதுவே நல்ல சொல்.

ஒன்றை மட்டும் நேர்மையாகக் கூறிவிட வேண்டும். தமிழில் வேதியியல் நூல் வெளியிட்டோரில் இராஜாஜி முதல்வர் அல்லர். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், 1864 முதல் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அதற்குப் பாடநூல்கள் வேண்டுமே! அவரும் அவருடைய தமிழ் மாணாக்கரும் சேர்ந்து ஒன்றன்பின் ஒன்றாக மொழிபெயர்த்தனர். ‘கெமிஸ்தம்’ என்னும் வேதியியல் நூல் 1875இல் அவ்வழியில் வந்ததே. நோயாளியின் மொழியிலேயே மருத்துவன் கற்க வேண்டும் என்பது அவர் கொள்கை. சேலத்துக்கு நாற்பது ஆண்டு முன்னரே அங்கே அச்செழுத்துக்கள் கோக்கப்பட்டுவிட்டன.

ஆனால் சேலத்தில் வேறொன்று நடந்தது. அதுவே நம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. 1917இல் இராஜாஜி சேலம் நகராட்சித் தலைவரானார். 1919 வரை அப்பொறுப்பில் இருந்தார். தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவர் முதன்முதலாக அந்நகராட்சியின் உறுப்பினரானது அக்காலத்தில்தான். அதற்குக் காரணமாய் இருந்தவர் இராஜாஜி. அக்கிரகாரத்துக்குக் குடிநீர் திறந்துவிடும் வேலையில் தாழ்த்தப்பட்டவர் ஒருவர் அமர்த்தப்பட்டார் என்றும், அவர் கைபட்ட குழாயின் நீரை எப்படிக் குடிப்பது என்று தெருவார் எழுப்பிய கூச்சலுக்குத் தலைவர் இணங்கவில்லை என்றும் அவருடைய வரலாற்றை எழுதியோர் குறிக்கின்றனர். அந்தக் காட்சியை எண்ணிப் பாருங்கள். கலைச்சொல் தேடுகிறவருக்கு நீர் என்பது இரு வளிகளின் சேர்க்கை. எந்தத் தெருவில் பாய்ந்தாலும் அதன் இயல்பு மாறாது. எந்தக் கை திருகினாலும் அது நீர்தான். காலராக் கிருமி தண்ணீர் வழியே பரவும். சாதி அப்படிப் பரவாது. ஆயினும் தெரு கிருமிக்கு அஞ்சவில்லை, கைக்கு அஞ்சியது.

இதைக் கேட்டு நாம் புன்னகை செய்ய உரிமை இல்லை. வடக்கன்குளம் ஆலயத்தில் சாதிக்கு ஒரு பக்கமாக மக்களைப் பிரித்து நின்ற சுவர் இடிக்கப்பட்டது 1910இல்தான். கல்லறைத் தோட்டங்களில் இன்றும் எழும்பி நிற்கும் சுவர்களை நம் வாசகர் அறிவர்.

1925ஆம் ஆண்டு பெப்ருவரியில் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கிற்று. பல சாதியாரும் ஒன்றாய் உண்டு உறைந்தமையால் சுற்றுப்புறத்தாரின் பகைமையை அது சந்திக்க நேர்ந்தது. அங்கிருந்து 1929இல் ‘விமோசனம்’ என்ற திங்களிதழ் வெளிவந்தது. மதுவின் கேட்டை மக்களுக்கு எடுத்துரைப்பதற்கென்றே நடந்த இதழ். ‘கல்கி’ கிருஷ்ணமூர்த்தி அதில் உடனுழைத்தார். பத்து இதழ்களோடு அது நின்றுபோயிற்று. குடியைப் பற்றிய அறிவுரைகள் அலுப்பூட்டுவன என்பது நம் அனுபவம், மறையுரைகளிலும் அப்படியே. ஆனால் மது என்பது ஒழுக்கப் பிரச்சினை மட்டுமன்று, ஏழை வீட்டின் உலைப்பானை பற்றிய பிரச்சினை என்று இராஜாஜி கண்டார். கூலியில் எத்தனை பங்கு கள்ளுக்கடைக்குப் போகிறது என்பதே அவர் கேட்ட கேள்வி.

அதிகாரம் கைக்கு வந்தபோது அவர் இவற்றையெல்லாம் சட்டமாக்க முனைந்தார். 1937 ஜூலையில் மாகாணப் பிரதமரானார். அக்டோபர் முதல் நாளே சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. பின்னர் சித்தூருக்கும் கடப்பைக்கும் வட ஆர்க்காட்டுக்கும் விரிந்தது. இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரி விதிக்கப்பட்டது. நாம் இன்று கடையில் செலுத்தும் வரிக்கு இப்படியும் ஒரு பூர்வீகம் உண்டு! அதே 1939இல் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் நிறைவேறியது. குடிநீர், வடிகால், கழிப்பிடம், தொற்றுநோய், தாய்சேய் நலம், கொசு ஒழிப்பு, உணவு, திருவிழாக் கூட்டங்கள் ஆகிய யாவும் ஒரே சட்டத்துள் அடங்கின. 2020இல் கொரோனா பரவியபோது தமிழக அரசு கையில் எடுத்த சட்டங்களுள் இதுவும் ஒன்று. முகக்கவசம் அணியாதோர்க்கு அபராதம் விதிக்க அவ்வாண்டில் இதைத் திருத்தினார்கள்.

இதில் நாம் கவனிக்கத் தக்கது ஒன்றுண்டு. அந்த அமைச்சரவையில் பொதுச் சுகாதாரத்தையும் அறநிலையத்தையும் ஒருவரே பார்த்துக்கொண்டார்: டாக்டர் தி. சே. சௌ. ராஜன். சாக்கடைக்கும் கோயிலுக்கும் ஒரே அமைச்சர்! 1939 ஜூலை 8ஆம் நாள் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்டோரை அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்றார். தொடர்ந்து ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது.

ஆனால் இவ்வரலாற்றை இராஜாஜியின் பக்கமிருந்து மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். பரங்கிமலையில் 1883இல் பிறந்த எம். சி. ராஜா, தம் மக்களுக்காகச் சட்டமன்றத்தில் தாமே பேசிய தலைவர். பொது வழி, பொதுக் கிணறு முதலியவற்றில் எவரையும் தடுக்கக் கூடாது எனும் சமூக இயலாமை நீக்கச் சட்டம் 1938இல் நிறைவேறியது அவர் முயற்சியால். அதே ஆண்டு அவர் கொண்டுவந்த ஆலயப் பிரவேச மசோதாவையோ, திரும்பப் பெறுமாறு இராஜாஜி கேட்டுக்கொண்டார். முதலில் மலபாருக்கு மட்டும் எனத் தம் அரசின் வழியைக் காட்டினார். ராஜா மனம் கசந்தார். கதவு எப்பொழுது, எவ்வளவு திறக்கப்பட வேண்டும் என்பதை உள்ளே இருப்பவரே முடிவு செய்வதா என்ற கேள்வி அங்கே எழுந்தது. அது ராஜாவோடு முடிந்துவிட்ட கேள்வியன்று.

‘திண்ணை ரசாயனம்’ என்ற தலைப்பை நாம் மீண்டும் எண்ணிப் பார்க்கிறோம். அழகிய தலைப்பு, வழிப்போக்கரும் அமர்ந்து இளைப்பாறும் இடமல்லவா திண்ணை? ஆனால் எல்லா வழிப்போக்கருமா? ஊரில் யார் வீட்டுத் திண்ணையில் யார் அமரலாம் என்பதற்கு எழுதாத விதி ஒன்று இருந்தது. அதை மீறியவர் அடிபட்டார். எளிய நடையில் அச்சிட்டுவிட்டால் அறிவு எல்லாரையும் சென்றடையும் என்று நூலாசிரியர் நம்புகிறார். எழுத்தறியாதார்க்கும் திண்ணை ஏறவியலாதார்க்கும் அது எட்டாது. அவர்களைத் திண்ணைக்குக் கொண்டுவர வேண்டியது பள்ளிக்கூடம்.

அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் இராஜாஜி பெருந்தவறு செய்தார் என்பது நம் கருத்து. 1952இல் மீண்டும் ஆட்சிக்கு வந்த அவர், 1953இல் சிற்றூர்ப் பள்ளிகளில் புதிய திட்டம் ஒன்றைப் புகுத்தினார். குழந்தைகளுக்கு நாள்தோறும் மூன்று மணி நேரமே வகுப்பு. எஞ்சிய பொழுதில் பெற்றோரின் தொழிலைப் பார்த்துப் பழக வேண்டும். இருக்கும் ஆசிரியரையும் கட்டடத்தையும் கொண்டு இரு மடங்கு குழந்தைகளுக்குக் கல்வி தரலாம் என்பது அவர் கூறிய காரணம். கேட்டவர்க்கோ வேறு விதமாகக் கேட்டது. மலம் அள்ளுவோர் மகன் எத்தொழிலைப் பழகுவான்? ‘குலக்கல்வி’ என்று மக்கள் அதற்கிட்ட பெயர் நிலைத்துவிட்டது. எதிர்ப்பு வலுத்து, 1954 ஏப்ரலில் அவர் பதவி விலகினார். பின்வந்த காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார். அக்கிரகாரத்துக் குழாயைத் திறந்துவிடத் தாழ்த்தப்பட்டவரை அமர்த்திய அதே மனிதர், அத்தகையவரின் பேரப்பிள்ளை அரைநாள் படித்தால் போதுமென்று எப்படி எண்ணினார்? நல்லெண்ணம் இல்லாதவர் என்று அவரைச் சொல்ல முடியாது. கூச்சலுக்கு அஞ்சாத உறுதி சேலத்தில் குணமாக இருந்தது. அதே உறுதி 1953இல் எவரையும் கலந்து பேசாத பிடிவாதமாயிற்று. நாம் இதற்கு மேல் விளக்கம் அறியோம்.

அவருடைய கடைசிப் போராட்டத்தில் அந்தப் பிடிவாதம் வேறு முகம் காட்டியது. 1971இல் தமிழகத்தில் மதுவிலக்கைத் தள்ளிவைக்கப் போகிறார்கள் என்ற செய்தி பரவிற்று. தொண்ணூற்றிரண்டு வயதான இராஜாஜி, பசுல்லா சாலையிலிருந்து புறப்பட்டுக் கோபாலபுரத்தில் முதலமைச்சர் கருணாநிதியின் இல்லத்துக்கே சென்றார். மழையில் சென்றார் என்று பலரும் எழுதியிருக்கின்றனர். ஒரு தலைமுறையே குடியறியாமல் வளர்ந்துள்ளது, அதைக் கெடுக்க வேண்டா என்று வேண்டினார். வேண்டுகோள் பலிக்கவில்லை. 1971 ஆகஸ்டு 30ஆம் நாள் மதுக்கடைகள் திறந்தன.

மறு ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளன்று, 1972 டிசம்பர் 25இல், சென்னை அரசு பொது மருத்துவமனையில் அவர் காலமானார். 1974இல் கடைகள் மீண்டும் மூடப்பட்டதை அவர் காணவில்லை. அவை பிற்காலத்தில் மறுபடி திறந்ததும், 2003 முதல் அரசே சில்லறையாக மது விற்கத் தொடங்கியதும் நாம் கண்டவை. கள்ளச்சாராயம் மதுவிலக்கு இருந்த காலத்திலும் கொன்றது, கடை திறந்த காலத்திலும் கொன்றது. கருணாபுரத்தில் இறந்தோரில் பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள்.

மயிலாப்பூரில் நம்மிடம் கேட்ட அந்தத் தாய்க்கு, அடுத்த அன்பியக் கூட்டத்தில் தமிழில் விடை சொன்னோம். கவனமாகக் கேட்ட அவர், “குடிச்சு ஆறு மணி நேரம் கழிச்சு வந்தாலும் ஆசுபத்திரியில காப்பாத்துவாங்களா?” என்று கேட்டார். காலம் தாழ்த்தாமல் போனால் காப்பாற்ற வாய்ப்புண்டு என்றோம். பக்கத்துத் தெருவிலும் வந்து இதைச் சொல்ல முடியுமா என்றார்.