சுவர் கட்டிய விசுவாசிகள்



சாதி பார்க்கிற கிறிஸ்தவர் கிறிஸ்தவரே அல்ல என்று நம் மேடைகளில் அடிக்கடி முழங்குகிறோம். அவருடைய விசுவாசம் வெறும் வேடம், அவர் மாயக்காரர் என்கிறோம். கோபம் நியாயமானது. வரலாறு அதற்குத் துணை வரவில்லை.

1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், ஆங்கிலிக்கன் சபைகளில் சாதி வேறுபாடு அடியோடு ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தார். ஆலயத்தில் யார் எங்கே உட்காருவது, நற்கருணையை யார் முதலில் வாங்குவது என்பதெல்லாம் அன்று தீராத சச்சரவு. தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் வேளாளக் கிறிஸ்தவர் பலர் சபையை விட்டு வெளியேறினார்கள். அவர்கள் எதையும் ஒளிக்கவில்லை. சாதி உலக வழக்கம், வேதத்துக்கு விரோதமல்ல என்று வெளிப்படையாகவே வாதாடினார்கள். வேதநாயக சாஸ்திரியாரும் அந்தப் பக்கம் நின்று எழுதியவர்தான். அவருடைய கீர்த்தனைகள் இன்றும் ஆலயங்களில் பாடப்படுகின்றன. அந்தப் பக்தியைப் பொய் என்று எப்படிச் சொல்வது?

வடக்கன்குளம் இன்னும் தெளிவான சாட்சி. அங்கே 1872இல் எழுந்த கத்தோலிக்க ஆலயம் இரு கிளைகளாகப் பிரிந்து பீடத்தில் வந்து கூடியது. வேளாளர் தரப்பு ஒரு கிளையில், நாடார் உள்ளிட்டோர் மறு கிளையில். கால்சட்டைக் கோயில் என்று கேலிப்பெயரே உண்டு. 1910இல் பங்குத்தந்தை கௌசானல் தடுப்பை இடித்தார். வேளாளர்கள் வழக்குப் போட்டார்கள், தோற்றார்கள். பூசையை விட மனமில்லாதவர்கள்தான் சுவரையும் விட மனமில்லாமல் நீதிமன்றப் படியேறினார்கள்.

விசுவாசமும் சாதியும் ஒரே நெஞ்சில் சண்டையின்றிக் குடியிருந்தன. 'உண்மைக் கிறிஸ்தவர் சாதி பார்க்கமாட்டார்' என்று நாம் சொல்லும்போது அந்தச் சுவருக்குச் சொந்தக்காரர் இல்லாமல் போகிறார். சபை கை கழுவிக்கொள்கிறது. (பிலாத்துவுக்காவது தண்ணீர் தேவைப்பட்டது.)

அதே வாக்கியம் அரசின் வாயில் வேறு வேலை செய்கிறது. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை இந்துக்களை மட்டும் ஏற்றது, 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தது. கிறிஸ்தவத்தில் சாதி இல்லையாம், ஆகவே தலித் கிறிஸ்தவர் வெளியே. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த சூசை, இந்துத் தொழிலாளிகளுக்குக் கொடுத்த இலவசப் பெட்டிக்கடை தனக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் அதே அளவு இழிவு தொடர்கிறது என்று காட்டப் போதிய ஆதாரம் இல்லை என்று 1985இல் மனு தள்ளுபடியானது. அப்போதும் திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் பிணங்களைப் பிரித்துவைத்து ஒரு சுவர் நின்றுகொண்டிருந்தது.