உறுப்புரையும் மன்றமும்: தேசிய அடையாளத்தின் சட்டக்காப்புப் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மன்னார் மாவட்டத்தின் வட எல்லையை அண்டி, பூநகரிக்குச் செல்லும் வீதியில் அமைந்துள்ள தமிழ்க் கிராமம் வெள்ளாங்குளம். அவ்வூரார் ஒருவர் அரசுக்குத் தமிழில் எழுதித் தமிழிலேயே மறுமொழி பெறுதல் சலுகையா, உரிமையா? பேரமைப்பொன்றினுள் வாழும் மக்களின் அடையாளத்தைச் சட்டம் எவ்வாறு காக்கும் என்னும் பெருவினாவின் ஒரு கூறே இது.

ஐரோப்பிய ஒன்றியம் இவ்வினாவை அரசுகளின் நிலையில் எதிர்கொண்டது. 2009இல் நடைமுறைக்கு வந்த லிஸ்பன் உடன்படிக்கையின் வழி, உறுப்பு நாடுகளின் தேசிய அடையாளத்தை ஒன்றியம் மதித்தல் வேண்டும் என விதிக்கப்பட்டது. ஆயின் அக்காப்பு அரசுக்கே உரியது. லித்துவேனியாவில் போலந்துச் சிறுபான்மையைச் சேர்ந்த பெண்ணொருவர் தம் பெயரைப் போலந்து எழுத்துமுறையில் பதியக் கோரிய வழக்கில், அரசகரும மொழியைப் பேணுதலும் தேசிய அடையாளத்துள் அடங்குமென ஒன்றிய நீதிமன்றம் 2011இல் ஏற்றது. அரசைக் காக்கும் கேடயம் அவ்வரசினுள் வாழும் சிறுபான்மையினரையும் காக்குமென்பது நியதியன்று.

இலங்கையிலோ சோல்பரி யாப்பின் 29(2)ஆம் பிரிவு, ஓர் இனத்தவருக்கோ மதத்தவருக்கோ மட்டும் இடையூறு விளைக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றுதலைத் தடுத்தது. எனினும் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியபோது அப்பிரிவு துணைநிற்கவில்லை. அச்சட்டம் செல்லுபடியானதென இலண்டன் கோமறைக் கழகம் 1953இல் தீர்த்தது. சட்டத்தின் சொற்கள் பொதுவாக இருந்தமையால் அதன் விளைவு கருத்திற் கொள்ளப்படவில்லை எனலாம்.

1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் அடுத்த சோதனையாயிற்று. சிங்களத் தேர்ச்சி பெறாமையாற் சம்பள உயர்வு மறுக்கப்பட்ட அரச ஊழியர் கோடீஸ்வரன் வழக்குத் தொடர்ந்தார். அச்சட்டம் 29ஆம் பிரிவுக்கு முரணானது எனக் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் 1964இல் தீர்ப்பளித்தது. அரச ஊழியர் சம்பளத்திற்காக முடிக்குரிய அரசின்மீது வழக்கிடவியலாது எனக் கூறி, உயர் நீதிமன்றம் 1967இல் அதனை மாற்றியது. கோமறைக் கழகம் 1969இல் இக்கருத்தை நிராகரித்து, யாப்பு வினாவை ஆராயுமாறு வழக்கை மீண்டும் உயர் நீதிமன்றுக்கு அனுப்பியது. அவ்வினாவுக்கு விடை கிடைக்கவேயில்லை. 1971இல் கோமறைக் கழக மேன்முறையீடு ஒழிந்தது. 1972இல் 29(2)ஆம் பிரிவும் மறைந்தது. அப்பிரிவினை மாற்றவியலாது என 1964இல் வேறொரு வழக்கில் அக்கழகமே கூறியிருந்தமை இவ்விடத்து நினைவுகூரத்தக்கது.

1987இல் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988இல் பதினாறாந் திருத்தம் நிருவாகத்திலும் நீதிமன்றங்களிலும் அதன் இடத்தை வரையறுத்தது. ஏட்டளவில் வெள்ளாங்குளத்தாரின் வினாவுக்கு விடை இன்று உண்டு.

ஆயினும் வரலாறு நமக்கு உணர்த்துவது வேறொன்று. உறுப்புரை இருத்தல் வேறு. பாதிக்கப்பட்டோர் அணுகத்தக்க, காலத்தே தீர்ப்பளிக்கும், பெரும்பான்மையின் விருப்பால் மூடிவிடவியலாத மன்றம் இருத்தல் வேறு. 29(2)ஆம் பிரிவு சொற்குறையால் மட்டும் வீழ்ந்ததன்று. தன்னைப் பேசவைக்கும் மன்றத்தை இழந்தே வீழ்ந்தது. புதிய யாப்பினைப் பற்றிச் சிந்திப்போர் உறுப்புரையின் சொற்களை ஆராயுமளவுக்கு மன்றத்தின் அமைப்பினையும் ஆராய்தல் இன்றியமையாதது.