பப்மெட்டில் திறவுச்சொல் தேடல்

பப்மெட் என்பது மருத்துவம், உயிரியல் ஆகிய துறைகளின் ஆய்வுக் கட்டுரைகளைத் திறவுச்சொற்கள் கொண்டு தேட உதவும் தரவுத்தளம் ஆகும். ஐக்கிய அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் உள்ள தேசிய மருத்துவ நூலகம் இதனை நடத்தி வருகின்றது. 3.5 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் இதில் உள்ளன. முழுக் கட்டுரைகள் இதில் சேமிக்கப்படுவதில்லை. கட்டுரையின் விவரமும் பெரும்பாலும் அதன் சுருக்கமும் மட்டுமே காணப்படும்.

வரலாறு

1879 இல் ஜான் ஷா பில்லிங்ஸ் தொடங்கிய 'இண்டெக்ஸ் மெடிக்கஸ்' என்னும் அச்சு அட்டவணையே இதன் மூலம். 1964 இல் அட்டவணைப் பணி கணினிக்கு மாறியது. 1971 இல் மெட்லைன் உருவானது. 1997 இல் பப்மெட் வழியாக அது அனைவருக்கும் இலவசமாகத் திறக்கப்பட்டது. அச்சுப் பதிப்பு 2004 உடன் நின்றது.

தேடும் முறை

ஒரே நோயை வெவ்வேறு ஆசிரியர்கள் வெவ்வேறு பெயர்களால் எழுதுவர். இதனைச் சமாளிக்க, 'மெஷ்' எனப்படும் ஒழுங்குபடுத்தப்பட்ட பாடத்தலைப்புப் பட்டியலை நூலகம் 1960 முதல் பேணி வருகின்றது. பயனர் 'ஹார்ட் அட்டாக்' என்று தேடினால், 'மயோகார்டியல் இன்ஃபார்க்ஷன்' என்னும் தலைப்பையும் பப்மெட் தானாகவே சேர்த்துத் தேடும். எனினும் மெட்லைனுக்கு வெளியே உள்ள பதிவுகளுக்கு இத்தலைப்புகள் இடப்படுவதில்லை. ஆகவே தலைப்பையும் இயல்பான சொற்களையும் சேர்த்துத் தேடுவதே பாதுகாப்பானது.

சொற்களை இணைக்க 'அண்ட்', 'ஆர்', 'நாட்' என்னும் பூலியன் செயலிகள் பயன்படுகின்றன. இவற்றை ஆங்கிலப் பேரெழுத்துகளில் இட வேண்டும். பப்மெட் இவற்றை இடமிருந்து வலமாகக் கணிக்கின்றது. 'நீரிழிவு அண்ட் சிறுநீரகம் ஆர் கண்' என்று தேடினால், நீரிழிவுக்குத் தொடர்பற்ற கண் கட்டுரைகள் அனைத்தும் வந்து குவியும். 'சிறுநீரகம் ஆர் கண்' என்பதை அடைப்புக்குறிக்குள் இட்டால் இச்சிக்கல் தீரும். 'நாட்' இதனினும் இடர் மிக்கது. 'குழந்தைகள்' என்பதை நீக்கினால், குழந்தைகளையும் பெரியவர்களையும் ஒருங்கே ஆராய்ந்த கட்டுரைகளும் மறைந்துவிடும். மிகுதியாக வருவது கண்ணுக்குத் தெரியும், விடுபட்டது தெரிவதில்லை.

ஹெக்சாமெத்தோனியம் நிகழ்வு

2001 இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆஸ்துமா குறித்த ஆய்வு ஒன்று நடந்தது. அதில் ஹெக்சாமெத்தோனியம் என்னும் மருந்தை மூச்சு வழியே உட்கொண்ட, நல்ல உடல்நலத்துடன் இருந்த 24 வயதுத் தன்னார்வலர் ஒருவர் நுரையீரல் பாதிப்பால் இறந்தார். ஆய்வு தொடங்கும் முன்னர் பப்மெட்டில் தேடப்பட்டிருந்தது. ஆனால் அத்தேடல் 1966 இற்குப் பிந்திய கட்டுரைகளையே எட்டியது. இம்மருந்து இரத்த அழுத்தத்திற்குக் கொடுக்கப்பட்ட 1950களில், நுரையீரல் பாதிப்பு குறித்து வெளியான கட்டுரைகள் அதற்கு வெளியே இருந்தன. அந்த ஆண்டு சூலை மாதம், பல்கலைக்கழகத்தில் கூட்டரசு நிதியில் நடந்த மனித ஆய்வுகள் சில நாட்கள் நிறுத்தி வைக்கப்பட்டன.

பின்னர் 1966 இற்கு முந்திய அச்சு அட்டவணைகளின் பதிவுகளும் பப்மெட்டில் சேர்க்கப்பட்டன. இவை 1940களின் நடுப்பகுதி வரை செல்கின்றன. பொதுவாக இவற்றுக்குச் சுருக்கம் இல்லை. கட்டுரைத் தலைப்பில் மருந்தின் பெயர் இல்லாவிடில் திறவுச்சொல்லுக்கு எளிதில் அகப்படா.