கிராஞ்சிக் கரையும் டயரின் வரலாறும்

டயரைப் பேணுதல் பட்டறைக்குரிய செய்தி. வரலாற்றுக் கட்டுரையில் அதற்கு இடமேது எனச் சிலர் வினவக்கூடும். கார் ஓட்டுவோருள் பலர், காற்று இறங்கிச் சாலையோரம் நிற்க நேரும்போதுதான் டயரைக் குனிந்து பார்க்கின்றனர். அக்கருநிற வளையத்தினுள் நம் முன்னோரின் உழைப்பும் ஒரு பெரும் போரின் கதையும் அடங்கியுள்ளன. அக்கதையின் ஒரு பகுதி நம் தீவின் வடமேற்கிலுள்ள கிராஞ்சியில் நிகழ்ந்தது.

கிராஞ்சி என்பது மலாய் மக்கள் 'கெராஞ்சி' என வழங்கும் மரத்தால் வந்த பெயர் என்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீனக் குடியானவர் அவ்வாற்றங்கரையில் மிளகும், தோல் பதனிட உதவும் காம்பியரும் பயிரிட்டனர். மண் வளம் குன்றிய பின்னர் அவ்வட்டாரங்களில் அன்னாசியும் ரப்பரும் இடம் பிடித்தன.

ரப்பர் இம்மண்ணுக்கு வந்த வரலாறு பாடநூல்களில் உள்ளதே. 1877ஆம் ஆண்டில் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. 1888இல் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொத்திச் சிதைக்காமல், பட்டையை மெல்லியதாகச் சீவி, அதே வெட்டை மீண்டும் மீண்டும் திறந்து பாலெடுக்கும் முறையைக் கண்டார். அதே 1888இல்தான் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவர் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகச் செய்த காற்றடைத்த டயருக்கு உரிமம் பெற்றார். உலகின் இரு கோடிகளில் இருந்த இவ்விருவரும் ஒருவர் வேலையை மற்றவர் அறியார். ரிட்லியோ தோட்டக்காரர்களிடம் விதைகளைத் திணித்துப் 'பைத்தியக்கார ரிட்லி' என்ற பெயரையும் வாங்கிக்கொண்டார்.

1896இல் சிங்கப்பூரின் முதல் கார் வந்தது. பக்லி என்பாருக்குரிய அந்த பென்ஸ் வண்டியை ஊரார் 'காப்பி இயந்திரம்' என நகையாடினர். பின்னர் 1908இல் அமெரிக்காவில் போர்டு நிறுவனத்தின் டி வகைக் கார் வெளிவர, கார் எளியோர்க்கும் எட்டும் பொருளாயிற்று. ஒவ்வொன்றுக்கும் நான்கு டயர்கள் வேண்டுமே! 1910இல் ரப்பர் விலை வானளாவ உயர்ந்தது. மலாயாவில் காடுகள் தோட்டங்களாயின.

அத்தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1907இல் அமைந்த தமிழர் குடியேற்ற நிதியின் துணையுடன், கங்காணிமார் வழியாக, நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பல் கப்பலாகத் தமிழர் வந்தனர். சிங்கப்பூரில் இறங்கியோர் செயின்ட் ஜான்ஸ் தீவில் தங்கி நோய்த்தடுப்புச் சோதனைக்கு உட்பட்ட பின்னரே கரையேறினர். 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும் வரை இவ்வரவு தொடர்ந்தது.

பால்மரம் சீவுதல் எளிய தொழிலன்று. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும். ஆதலால் இருள் பிரியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, நிரை நிரையாக மரங்களை நாடிச் செல்ல வேண்டும். ஒரு வெட்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் பட்டையே சீவத் தக்கது. கூடினால் பட்டை வீணாகும். உளி ஆழப் பாய்ந்தால் மரம் புண்படும். மங்கிலே சொட்டிய பாலைச் சேர்த்துச் சுமந்து, முந்திய நாளின் ஒட்டுப்பாலையும் பிரித்தெடுத்து வந்தவர்களுள் பெண்கள் மிகப் பலர். ரிட்லியின் பெயரை மாணவர்க்குச் சொல்லும் நாம், அவர் கண்ட முறையை நாள்தோறும் கைத்திறனால் மெய்ப்பித்த இவர்களைச் சொல்லாது விடுவது நேர்மையான வரலாறாகாது.

இனி 1942. மலாயாவில் முன்னேறிய சப்பானியப் படையினருள் பல்லாயிரவர் மிதிவண்டியில் வந்தனர். வெப்பத்தால் டயர்கள் வெடித்தபோது, அவற்றைக் கழற்றி எறிந்துவிட்டு இரும்பு விளிம்பிலேயே ஓட்டினர். இரவில் எழுந்த அவ்வோசையைக் கவச வண்டிகளின் ஓசை என்று எதிர்ப்படையினர் மயங்கினராம். ரப்பர் விளையும் நாட்டினூடே ரப்பரில்லாச் சக்கரங்கள் உருண்டன! பிப்ரவரி 9ஆம் நாள் இரவில் சப்பானிய இம்பீரியல் காவற்படைப் பிரிவு கிராஞ்சிக் கரையில் இறங்கிற்று. ஆஸ்திரேலியப் படையினர் எதிர்த்துப் பொருதனர். நீரில் பரவிய எண்ணெய் தீப்பற்றி எரிந்தது. ஆறாம் நாள், பிப்ரவரி 15இல், புக்கிட் தீமாவில் சில திங்களுக்கு முன்னரே திறக்கப்பட்டிருந்த போர்டு கார்த் தொழிற்சாலையில் சரணடைவு ஒப்பமாயிற்று.

அமெரிக்காவுக்குச் சென்ற இயற்கை ரப்பரில் ஏறத்தாழ 90 விழுக்காடு தென்கிழக்காசியாவிலிருந்து போனது. அது நின்றதும் அந்நாடு திகைத்தது. 1942 ஜனவரியிலேயே டயருக்குப் பங்கீடு வந்தது. பின்னர், ஒருவர் ஐந்து டயர்களுக்கு மேல் வைத்திருத்தல் ஆகாது என்றும், மணிக்கு 35 மைலுக்கு மேல் ஓட்டலாகாது என்றும், குறித்த காலத்தில் டயர்களைச் சோதனைக்குக் காட்ட வேண்டும் என்றும் விதிகள் பிறந்தன. பெட்ரோலுக்கு வந்த நாடு தழுவிய பங்கீடும் முதன்மையாக ரப்பரைக் காப்பதற்கே. காற்றைச் சரிபார்த்தல், சக்கரங்களை இடம் மாற்றிப் பூட்டுதல், திடுமென நிறுத்தாமை ஆகியன பொதுமக்களின் கடமைகளாயின. நம் தோட்டத்துப் பால் நின்றபோதுதான் அந்நாட்டார் டயரின் அருமையை உணர்ந்தனர் எனலாம்.

பாலெடுத்தோர் நிலை என்ன? தோட்டத் தமிழருள் எண்ணற்றோர் சயாம் இரயில்பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மாண்டனர். கிராஞ்சிப் போர் நினைவிடத்தின் சுவர்களில் இந்தியப் படைவீரர் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. இரயில்பாதையில் மடிந்த தோட்டத் தொழிலாளர் பெயர்கள் அங்கில்லை. அது படையினர்க்கான நினைவிடம்.

போர்க்காலத்து அவ்விதிகளின் காரணம் இன்றும் மாறவில்லை. காற்றுக் குறைந்த டயர் உருளுந்தோறும் மிகுதியாக வளைந்து நெளிகிறது. நெளிவு வெப்பத்தை உண்டாக்குகிறது. வெப்பம் உட்கட்டுமானத்தைச் சிதைக்கிறது. ஓடிச் சூடேறிய டயரில் காற்றழுத்தம் உயர்ந்து காட்டும். ஆகவே வண்டி ஓடுமுன் அளப்பதே முறை. உரிய அளவு பெரும்பாலும் ஓட்டுநர் கதவோரத்தில் ஒட்டப்பட்டிருக்கும். கல்வெட்டைப் படிப்பது போலத் தேய்வையும் படிக்கலாம். இரு ஓரங்களும் தேய்ந்திருப்பின் காற்றுக் குறைவு. நடுப்பகுதி தேய்ந்திருப்பின் காற்று மிகுதி. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருப்பின் சக்கரங்களின் சாய்வு பிறழ்ந்துள்ளது.

டயரின் வரிப்பள்ளங்கள் அழகுக்காக அமைந்தவை என்று கருதும் இளைஞரைக் கண்டதுண்டு. மழைநீரை வெளியேற்றுவதே அவற்றின் தொழில். நவம்பர் முதல் பெய்யும் பருவமழையில், காரைத் தரையோடு பிணைப்பவை உள்ளங்கையளவான நான்கு இடங்களே. பள்ளம் ஆழமிழந்தால் சக்கரம் நீரின்மேல் மிதக்கும். நிறுத்து கட்டையை மிதித்தாலும் பயனிராது. சட்டம் கோரும் குறைந்த ஆழம் 1.6 மில்லிமீட்டர். சீவுவோர் ஒரு வெட்டில் எடுத்த பட்டையின் அளவும் ஏறக்குறைய அதுவே.

பள்ளம் ஆழமாயிருப்பினும் ரப்பர் முதுமையடையும். வெயிலில் கிடந்து இறுகி வெடிப்புறும். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதலிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிப்பன: 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. வண்டியின் பின்பெட்டியில் காற்றின்றிக் கிடக்கும் மாற்றுச் சக்கரத்திலும் அவ்வெண் உண்டு. அதனையும் ஒரு முறை பார்த்து வைத்தல் நன்று.