கடல் கடந்த சீரும் சுங்க வரியும்: கேரித் தீவை முன்வைத்து ஒரு நோக்கு

மலேசியத் தமிழருக்கும் தமிழகத்திற்கும் இடையிலான உறவை ஆராய்ந்தோர் கங்காணியையும் கப்பலையும் பணவிடையையும் பற்றி விரிவாக எழுதியுள்ளனர். அஞ்சலில் சென்ற அன்பளிப்புப் பொதியையும் அதன்மீது விதிக்கப்பட்ட சுங்க வரியையும் பற்றிய குறிப்புகள் அருகியே காணப்படுகின்றன. அண்ணன் தங்கைக்கு அனுப்பும் சேலையைச் சட்டம் எவ்வாறு நோக்கியது என்பது சிறிய வினாவாகத் தோன்றலாம். எனினும், கடலால் பிரிந்த குடும்பங்களின் முறைமை எந்த அளவுக்கு நிலைபெற்றது என்பதை அவ்வினாவின் வழியே அறிய இயலும் என்பது நமது கருத்தாகும்.

சிலாங்கூரில், கிள்ளான் துறைமுகத்திற்குத் தெற்கே அமைந்துள்ள கேரித் தீவு, எட்வர்ட் வாலண்டைன் கேரி என்னும் ஆங்கிலேயத் தோட்ட முதலாளியின் பெயரைத் தாங்கியது. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குக் காடு திருத்தப்பட்டு ரப்பர் பயிரிடப்பட்டது; பின்னர் செம்பனை அதன் இடத்தைப் பெற்றது. இத்தகைய தோட்டங்களில் சில ஆண்டுகள் உழைத்து ஊர் திரும்புவதே தொடக்கத்தில் பலரது எண்ணமாக இருந்தது. 1938 ஜூன் மாதத்தில், உதவிபெற்றுக் குடியேறும் தொழிலாளரின் வருகையை இந்திய அரசு தடைசெய்தது. அதன்பின் ஜப்பானியர் ஆட்சி வந்தது. போக்குவரத்தும் கடிதமும் அற்ற அவ்வாண்டுகளுக்குப் பிறகு, அண்ணன் தோட்டத்து லயத்திலும் தங்கை தமிழகச் சிற்றூரிலுமாக நிலைத்துவிட்ட குடும்பங்கள் பல.

மணமான பெண்ணுக்குப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பிறந்த வீட்டிலிருந்து சீர் வருதல் தமிழர் வழக்கு. பிள்ளைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் சீர் முதன்மை பெறும். அது பொருளின் விலையைப் பற்றியதன்று; புகுந்த வீட்டில் அப்பெண்ணுக்குரிய மதிப்பைப் பற்றியது. அஞ்சல் முறையோ வேறுவிதமானது. அனுப்புவோர் பச்சை நிறச் சுங்கச் சீட்டில் பொருளையும் அதன் மதிப்பையும் எழுத வேண்டும். சுங்க அதிகாரி விதிக்கும் வரியை, பொதியைக் கொடுக்கும்போது அஞ்சல்காரர் பெறுநரிடம் வசூலிப்பார். சீட்டில் 'அன்பளிப்பு' என்று குறித்துவிட்டால் மட்டும் வரி நீங்கிவிடாது. அண்ணன் அனுப்பிய சேலைக்குத் தங்கை வீட்டார், அதாவது அவள் கணவன், பணம் கட்ட நேர்ந்தால், வந்தது சீரா செலவா என்னும் கேள்வி எழுவது இயல்பே.

விடுதலைக்குப் பின், குறிப்பாக 1957ஆம் ஆண்டளவில் ஏற்பட்ட அந்நியச் செலாவணி நெருக்கடியை அடுத்து, இந்தியாவின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் மேலும் இறுகின. கோடாலித் தைலமும் கைலியும் டார்ச் விளக்கும் ஊரில் அரும்பொருள்களாக மதிக்கப்பட்டமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். பயணிகளின் மூட்டைகளுக்கு ஓரளவு வரிச்சலுகை இருந்தமையால், சீர் அஞ்சலை விட்டு ஆள்வழியே சென்றது. 1926இல் கட்டப்பட்டு 1973 வரை ஓடிய 'ரஜூலா', அதன்பின் வந்த 'எம்.வி. சிதம்பரம்' ஆகிய கப்பல்களில் ஊர் சென்றோரின் பெட்டிகளில் அண்டை வீட்டாரின் சீரும் இருந்தது. அதற்கென எந்த அலுவலகத்திலும் பதிவேடு இருக்க வாய்ப்பில்லை. வரலாற்றாசிரியர்க்கு இது பெரும் இடர். 1985 பிப்ரவரியில் சிதம்பரம் கப்பலில் நேர்ந்த தீவிபத்துடன் அவ்வழியும் மூடியது.

இந்தியச் சுங்கத் துறையின் 1993ஆம் ஆண்டு அறிவிக்கை, குறிப்பிட்ட மதிப்பு வரையிலான அன்பளிப்புகளுக்கு வரிவிலக்கு அளித்தது. 2019இல் அவ்வரம்பு 5,000 ரூபாய். சீன இணைய வணிகர்கள் விற்பனைப் பொருள்களையே அன்பளிப்பெனக் குறித்து அனுப்பியதைத் தடுக்க, 2019 டிசம்பர் 12 அன்று அவ்வழி அடைக்கப்பட்டது. உயிர்காக்கும் மருந்துகளும் ராக்கிக் கயிறும் மட்டுமே விலக்குப் பெற்றன; ராக்கியுடன் வரும் அன்பளிப்புக்கும் இடமில்லை. முழு வரி செலுத்தினால் ஏனையவற்றைப் பெறலாம். ராக்கி என்பது தங்கை அண்ணனுக்கு அனுப்புவது. நமது சீரோ அண்ணன் தங்கைக்கு அனுப்புவது. உடன்பிறப்பு உறவை மதிக்க முற்பட்ட விதி, வடபுலத்து வழக்கொன்றை மட்டுமே கண்டது என்பது நோக்கத்தக்கது. மலேசியா இதே இணைய வணிகச் சிக்கலை வேறுவிதமாக அணுகியது. 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருள்களுக்கு 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு விற்பனை வரியை வெளிநாட்டு விற்பனையாளர் வழியே வசூலிக்கிறது. விற்பனையையும் உறவையும் பிரித்தறியும் இம்முறையே பொருத்தமானது என நாம் கருதுகின்றோம்.

கோவிட் பெருந்தொற்றின்போது இச்சிக்கல் நீதிமன்றம் சென்றது. தில்லியில் 85 வயது முதியவர் ஒருவருக்கு அமெரிக்காவிலிருந்து உறவினர் உயிர்வளிச் செறிவூட்டியொன்றை அன்பளிப்பாக அனுப்பினார். அதற்கு வரி விதித்தது அரசியலமைப்புக்குப் புறம்பானது என 2021 மே 21 அன்று தில்லி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜூன் 1 அன்று உச்சநீதிமன்றம் அத்தீர்ப்புக்கு இடைக்காலத் தடை விதித்தது.