ஊன்றுகோல் சிலுவை: பெயரும் வடிவமும்

ஐரோப்பியக் குலச்சின்ன மரபில் 'கிராஸ் பொட்டன்ட்' என்றொரு சிலுவை உண்டு. நான்கு கைகளின் நுனியிலும் ஒரு சிறு குறுக்குக்கட்டை இருக்கும். இன்றைய ஆங்கிலத்தில் 'பொட்டன்ட்' என்பது வலிமையைக் குறிப்பதால், இதை வல்லமையின் சிலுவை என்று கொள்ளத் தோன்றும். அப்படிக் கொள்வது பிழை.

இடைக்கால ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு ஊன்றுகோல் என்று பொருள். சாசரின் கேன்டர்பரி கதைகளில் இரந்துண்ணும் துறவி ஒருவர் நோயாளியின் வீட்டுக்குள் வருகிறார். பெஞ்சிலிருந்த பூனையை விரட்டுகிறார். தம் 'பொட்டன்ட்'டையும் தொப்பியையும் அங்கே வைத்துவிட்டு அமர்கிறார். அவர் கையிலிருந்தது கோல்தான். ஜெர்மானியர் இச்சிலுவையை 'க்ரூக்கன்க்ராய்ட்ஸ்' என்கிறார்கள். அதிலும் ஊன்றுகோல் இருக்கிறதே தவிர வலிமை இல்லை. லத்தீன் மூலச்சொல்லுக்கு ஆற்றல் என்று பொருள் இருப்பது உண்மையே. ஆனால் ஆற்றல் முதலில் கோலுக்குப் பெயரானது. கோலின் பெயரே பிறகு சிலுவைக்கு வந்தது.

அப்படியானால் ஊன்றுகோலைப் பார்த்துத்தான் இவ்வடிவம் பிறந்ததா? அதுவும் இல்லை. பைசாந்தியப் பேரரசர் இரண்டாம் திபேரியுவின் (578–582) பொற்காசின் பின்புறத்தில் படிகளின்மேல் நிற்கும் சிலுவை இதே வடிவில் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள லத்தீன் எழுத்துகளை உற்று நோக்க வேண்டும். எழுத்துக்கோடுகள் முடியும் இடத்தில் அச்சு வெட்டியவர் சிறு குறுக்குக்கீறல் இட்டிருக்கிறார். சிலுவைக் கைகளும் அவ்வாறே முடிகின்றன. எழுத்து வெட்டிய கையின் பழக்கமே சிலுவைக்கும் போயிற்று என்பது என் துணிபு. குலச்சின்ன மரபு தோன்றுவதற்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கும் மேற்பட்ட காலத்துக்கு முந்தைய காசு இது.

எருசலேம் அரசின் சின்னம் இச்சிலுவைக்குப் புகழ் சேர்த்தது: வெள்ளித் தளத்தில் பொன்னிற ஊன்றுகோல் சிலுவை, சுற்றிலும் நான்கு சிறு சிலுவைகள். உலோக நிறத்தின்மேல் உலோக நிறம் வரலாகாது என்ற குலச்சின்ன விதியை இது மீறுகிறது. 1099இல் நகரைக் கைப்பற்றிய சிலுவைப்போர்த் தலைவர் கோட்ஃபிரே இதைத் தேர்ந்தார் என்பது வழிவழிக் கதை. அவர் 1100இலேயே இறந்துவிட்டார். பரம்பரைக் குலச்சின்னங்கள் நிலைபெற்றதோ 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். ஆகவே இது பிற்காலத்தார் அவர்மேல் ஏற்றிய சின்னம். எருசலேமின் லத்தீன் பெயரிலுள்ள முதலிரு எழுத்துகளின் பின்னலே இச்சிலுவை என்ற விளக்கத்தையும் காசின் சான்று தள்ளிவிடுகிறது.

கேடயங்களில் தீட்டப்படும் மென்மயிர்த்தோல் வகை ஒன்றுக்கும் 'பொட்டன்ட்' என்றே பெயர். அதில் சிலுவை கிடையாது. ஆங்கில 'டி' எழுத்தைப் போன்ற துண்டுகள் வரிசையாக இருக்கும், அவ்வளவே. இச்சொல் வடிவத்தை மட்டும் சுட்டியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. தமிழில் கலைச்சொல் ஆக்குவோர் 'வல்லமைச் சிலுவை' என்பதைத் தவிர்த்து 'ஊன்றுகோல் சிலுவை' என்றே எழுத வேண்டும்.