கல்லுக்கு ஈமத்தீட்டு இருந்ததா? தொண்டை மண்டலத்துப் பெருங்கற்சின்னங்களும் கற்றளியின் தொடக்கமும்

பல்லவ மன்னன் மகேந்திரவர்மனுக்கு முன்னர்த் தமிழகத்தில் ஏன் கல்லால் கோயில் எடுக்கவில்லை என்ற கேள்விக்கு ஒரு விடை நிலைத்துவிட்டது. கல் இறந்தோருக்கு உரிய பொருள். ஈமக்காட்டில் பதுக்கையாகவும் திட்டையாகவும் நடுகல்லாகவும் நின்ற பொருளைத் தெய்வத்துக்குப் பயன்படுத்த மக்கள் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்தை மகேந்திரன்தான் முதலில் உடைத்தான் என்பதே அந்த விடை. இதை விரிவாக முன்வைத்தவர் கே. ஆர். சீனிவாசன். 1946இல் பெருங்கற்கால ஈமச்சின்னங்களைத் தமிழ் இலக்கியத்தோடு ஒப்பிட்டு அவர் எழுதிய கட்டுரையில் இதற்கான அடித்தளம் இருக்கிறது. 1960இல் வெளிவந்த தென்னகச் சமயம் குறித்த நூலிலும், 1964இல் தொல்லியல் துறை வெளியிட்ட பல்லவர் குடைவரைகள் பற்றிய நூலிலும் அது முழு வடிவம் பெற்றது. பின்வந்தவர்களில் பலர் அதைக் கருதுகோளாகக் கொள்ளாமல் நிறுவப்பட்ட செய்தியாகவே எடுத்தாண்டுவிட்டார்கள்.

சீனிவாசனுக்கு முன்பே, 1930இல், என். வேங்கடரமணய்யா இதற்கு நேர் எதிரான கருத்தைச் சொல்லியிருந்தார். தென்னிந்தியக் கோயிலே ஈமச்சின்னத்திலிருந்து கிளைத்தது என்பது அவர் கட்சி. ஒருவர் கல்லறை கோயிலாயிற்று என்கிறார். மற்றவர் கல்லறையால்தான் கற்கோயில் தாமதமாயிற்று என்கிறார். கல்லறையைப் பற்றிய நினைவு அறுபடாமல் கோயில் கட்டியவர்கள் வரை வந்து சேர்ந்தது என்பதை மட்டும் இருவருமே கேள்வியின்றி ஏற்றுக்கொள்கிறார்கள். எனக்கு ஐயம் எழுவது அந்த இடத்தில்தான். வேங்கடரமணய்யாவின் கருத்தை இன்று பெரும்பாலோர் கைவிட்டுவிட்டதால் அதை விட்டுவிட்டுச் சீனிவாசனை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் நிலப்பரப்பு. காஞ்சிபுரத்துக்குக் கிழக்கிலும் தென்கிழக்கிலும், பழைய செங்கல்பட்டு மாவட்டம் முழுக்க, ஏரிக்கரையை அடுத்த சரளை மேடுகளில் ஈமக்காடுகள் பரவிக் கிடக்கின்றன. இந்தியத் தொல்லியல் துறையின் சென்னை வட்டக் காப்புப் பட்டியலைப் புரட்டினால் ஊர் ஊராக இவைதான் வரும். மதுராந்தகம் வட்டத்துச் சானூரில் 1950, 1952 ஆகிய ஆண்டுகளில் என். ஆர். பானர்ஜியும் கே. வி. சௌந்தரராஜனும் அகழ்ந்தார்கள்; அறிக்கை 1959இல் வந்தது. அங்கே நடப்பவர் காலடியில் முதலில் தட்டுப்படுவது கற்குவைதான். பிறகு அதைச் சுற்றி உருண்டைப் பாறைகளால் அமைந்த வட்டம் கண்ணில் படும். அதன் கீழே, வரிசையாகக் கால்கள் வைத்துச் சுட்ட மண்ணாலான ஈமப்பேழை, கருப்பு-சிவப்புக் கலங்கள், இரும்புக் கருவிகள். பல்லாவரத்தில் அலெக்சாண்டர் ரீ கண்டறிந்து 1888இல் எழுதிய பேழையும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். உடலோ எலும்போ இடப்பட்ட கலம் மண். கல் அதன் மேல் அடையாளமாகவும் காவலாகவும் நிற்கிறது. இறப்போடு கல்லுக்கு இருந்த உறவு சுட்ட மண்ணுக்கும் அதே அளவு இருந்தது. ஆனால் சுட்ட மண்ணான செங்கல்லைக் கோயிலுக்குப் பயன்படுத்த யாரும் தயங்கவில்லை.

இலக்கியச் சான்றும் இதையே காட்டுகிறது. இறந்தோரை அடக்கும் ஐந்து முறைகளைச் சொல்லும் மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையே சீனிவாசனுக்குப் பெரிய ஆதாரம். எரிப்பது, வெளியே இட்டுவிடுவது, குழியில் புதைப்பது, தாழ்வான அறையில் அடைப்பது, தாழியால் கவிப்பது ஆகியவை அந்த ஐந்து. இவற்றைக் களத்தில் கிடைத்த சின்னங்களோடு ஒப்பிட்ட அவருடைய நுட்பத்துக்கு ஈடில்லை. ஆனால் அதே காதை, அதே சுடுகாட்டு வருணனையில், இறந்தவர்களுக்காக உறவினர் எழுப்பிய நினைவுக் கோட்டங்களையும் காட்டுகிறது. சிறியவையும் பெரியவையுமாகக் குன்றுகள் போல நின்ற அவை செங்கற் கட்டடங்கள். காப்பியத்தின் காலம் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு, கி.பி. 2ஆம் நூற்றாண்டிலிருந்து 6ஆம் நூற்றாண்டு வரை பலவாறு சொல்கிறார்கள். எந்தக் காலத்தை ஏற்றாலும் அது மகேந்திரனுக்கு முந்தியதுதான், அல்லது அவனை ஒட்டியதுதான். ஈமத்தோடு சேர்ந்த பொருள் தெய்வத்துக்கு ஆகாது என்று ஒரு விதி இருந்திருந்தால் செங்கல்லும் அதில் சிக்கியிருக்க வேண்டும். சீனிவாசன் இந்த வரிகளை இந்தக் கோணத்தில் எடைபோடாதது அவருடைய வாதத்தின் பெரிய ஓட்டை என்றே கருதுகிறேன்.

அடுத்தது நடுகல். அதை இறந்தோருக்குரிய கல் என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. தொல்காப்பியம் கல்லைக் காண்பது தொடங்கி வாழ்த்துவது வரை வரிசைப்படுத்தும் துறைகள் வழிபாட்டு முறையாகவே அமைந்திருக்கின்றன. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டம், இமயத்திலிருந்து கொண்டுவந்த கல்லில் கண்ணகியைத் தெய்வமாக நிறுத்துகிறது. இறந்தவளுக்கான கல்லே கடவுளின் படிமமும் ஆகிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழ்-பிராமி நடுகற்கள் இந்த மரபின் பழமையைக் கிறிஸ்துவுக்கு முன் கொண்டுபோய்விட்டன. எத்தனை நூற்றாண்டு முன் என்பதில்தான் இன்னும் வழக்கு இருக்கிறது. மகேந்திரனின் ஆட்சியாண்டைப் பொறித்த நடுகற்களே செங்கம் வட்டாரத்தில் நிற்கின்றன. ஒரே அரசன் பெயரால் ஓர் ஊரில் வீரனுக்குக் கல் நட்டார்கள். இன்னோர் ஊரில் ஈசனுக்குக் கல் குடைந்தார்கள். இரண்டுக்கும் இடையே தீட்டுக் கோடு ஏதும் எனக்குத் தென்படவில்லை. தொண்டை மண்டலத்தின் வடக்கு ஓரத்தில் குடிமல்லத்துக் கல் லிங்கமும் இருக்கிறது. அதன் காலத்தை எவ்வளவு கீழே இறக்கினாலும் மகேந்திரனுக்கு நெடுங்காலம் முந்தியதுதான்.

இனி மண்டகப்பட்டுக் கல்வெட்டு. சீனிவாசனின் வாதம் பெரிதும் இதன் மேல்தான் நிற்கிறது. விழுப்புரம் மாவட்டத்துக் குன்றொன்றில் மூன்று கருவறைகளோடு குடைந்த இந்தத் தளியை, செங்கல், மரம், உலோகம், சுண்ணச்சாந்து ஆகிய நான்கும் இன்றிப் பிரமன், ஈசன், திருமால் மூவருக்கும் விசித்திரசித்தன், அதாவது மகேந்திரன், எடுத்ததாக ஒரே ஒரு வடமொழிப் பாடல் சொல்கிறது. இங்கே உற்றுப் பார்க்க வேண்டியது இல்லாதவற்றின் பட்டியலை. தடையை மீறியதாகப் பெருமை பேசுபவன் தடைசெய்யப்பட்ட பொருளின் பெயரையல்லவா முதலில் சொல்லுவான்? இந்தக் கல்வெட்டிலோ கல் என்ற சொல்லே கிடையாது. அரசனின் பெருமிதம் நான்கு கட்டடப் பொருள்களின் துணை தேவைப்படாமல் போனதில்தான் இருக்கிறது. இது கட்டடக்காரர்களின் வழக்கமான கையிருப்பைக் கடந்துவிட்ட மகிழ்ச்சி. அதில் அச்சத்தைக் கடந்த குரல் எனக்குக் கேட்கவில்லை. விசித்திரசித்தன் என்று தனக்குப் பட்டம் சூட்டிக்கொண்டவனுக்கு இது பொருத்தமான குரலும்கூட.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இங்கே என் காலடி அவ்வளவு உறுதியானதல்ல என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். தொடக்கக் காலப் பல்லவக் குடைவரைகளின் கருவறையில் கல் படிமம் இல்லை, பின்சுவரில் ஓவியமோ சுதை உருவமோ, அல்லது மரத்தாலான உருவமோதான் இருந்தது என்பது சீனிவாசனின் கருத்து. கல்லின் மீதான தயக்கம் கருவறைக்குள் மட்டும் இன்னும் நீடித்ததற்கு இதை அவர் சான்றாகக் கொள்கிறார். மண்டகப்பட்டின் மூன்று அறைகளும் இன்று வெறுமையாகத்தான் இருக்கின்றன. ஆனால் மரமும் இல்லை, சாந்தும் இல்லை என்று அறிவித்த ஒரு தளியின் நடுவே மரப் படிமத்தையோ சாந்து பூசிய ஓவியத்தையோ வைத்திருப்பார்களா? கல்வெட்டு கட்டுமானத்தைப் பற்றித்தான் பேசுகிறது, படிமத்தைப் பற்றியல்ல என்று மறுமொழி சொல்லலாம்; அந்த மறுமொழியை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் அப்படிக் கொண்டால், கருவறைப் படிமத்துக்கும் கட்டுமானக் கல்லுக்கும் ஒரே காரணத்தைச் சொல்லும் சீனிவாசனின் இணைப்பும் அவிழ்ந்துவிடும். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். தளியின் முகப்பில் இரு ஓரங்களிலும் ஆளுயர வாயிற்காவலர் கல்லிலேயே புடைத்து நிற்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். உருவத்தைக் கல்லில் செதுக்க அந்தச் சிற்பிகள் அஞ்சவில்லை.

காஞ்சிக்கு அருகிலேயே, வந்தவாசிச் சாலையில் இருக்கும் மாமண்டூர்க் குன்று இந்த வழக்கில் போதிய இடம் பெறவில்லை. பல்லவர் குடைவரைகளுக்காக அங்கே போகிறவர்கள் அதே குன்றில் உள்ள தமிழ்-பிராமிக் கல்வெட்டைப் பெரும்பாலும் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். தேனூரைக் கொண்ட கணிமான் என்ற தலைவனைப் பற்றியது அது. சிதைந்த எழுத்துகளுக்கிடையே, வேலையைச் செய்தவனைத் தச்சன் என்று குறிப்பிடுகிறது. அவன் பெயரின் நடுவெழுத்து தேய்ந்துவிட்டது. ஐராவதம் மகாதேவன் 2003இல் வெளியிட்ட தமிழ்-பிராமிக் கல்வெட்டுத் தொகுதியில் இதற்கும் இடம் உண்டு. எழுத்தமைதியை வைத்துச் சொல்லும் காலம் ஒரு நூற்றாண்டு முன்பின் ஆகலாம். மகேந்திரனுக்குச் சில நூறு ஆண்டுகள் முந்தியது என்பதில் ஐயமில்லை. அப்படியானால் காஞ்சியின் கண்ணெதிரே, ஒரு தலைவனின் பெயரால், உயிரோடிருப்பவர்களுக்காக ஒரு தச்சன் பாறையில் வேலை செய்திருக்கிறான். பின்னர் அதே குன்றைத்தான் மகேந்திரனின் கல்தச்சரும் தேர்ந்தெடுத்தார்கள். இந்த இரண்டுக்கும் இடையே நேரடித் தொடர்ச்சி இருந்தது என்று நான் வாதிடவில்லை. கல் ஆகாது என்று சொல்லப்படும் காலத்தின் நட்டநடுவே கல் வேலை நடந்திருக்கிறது என்பது மட்டுமே இங்கே எனக்கு வேண்டும்.

செங்கல்பட்டை அடுத்த வல்லமும் இதே பக்கம்தான் சாய்கிறது. ஈமக்காடுகள் நிறைந்த அந்த வட்டாரத்தில் குடைவரை எடுப்பித்தவன் அரசனல்ல, அவனுக்குக் கீழ்ப்பட்ட கந்தசேனன். அரசன் ஒருவனின் துணிச்சலால் மட்டும் உடைந்த தடையாக இருந்திருந்தால், உள்ளூர்த் தலைவர்கள் இவ்வளவு விரைவில் பின்தொடர்ந்தது எப்படி? அடுத்து, காஞ்சிக்கு வடக்கே கூரத்தில் முதலாம் பரமேசுவரவர்மன் எடுத்த வித்யாவினீத பல்லவ பரமேசுவர கிருகம். பலகைக் கருங்கற்களை நிறுத்திக் கட்டிய அந்தத் தூங்கானை மாடத்தைப் பார்க்கும் தொல்லியலாளருக்குக் கற்பதுக்கையின் நினைவு வராமல் இருக்காது. கட்டியவருக்கு அந்த நினைவு வந்ததா? வந்திருந்தால், அதைப் பொருட்படுத்தாமல் கட்டினார். வரவில்லையென்றால், தடை என்ற பேச்சுக்கே இடமில்லை.

நினைவு எப்போதோ அறுந்துவிட்டது என்பதற்கு ஊர்வழக்கே ஒரு குறிப்புத் தருகிறது. கற்பதுக்கைகளையும் திட்டைகளையும் தமிழகம் நெடுகப் பாண்டவர் வீடு, பாண்டவர் குழி, வாலியர் வீடு, குள்ளர் வீடு என்கிறார்கள். இவற்றில் வசிப்பிடம் என்ற எண்ணம் இருக்கிறதே ஒழியப் பிணக்குழி என்ற எண்ணம் இல்லை. மாமல்லபுரத்து ஒற்றைக்கல் தளிகளுக்கும் மக்கள் சூட்டிய பெயர் பஞ்சபாண்டவர் ரதம்தான். யார் செய்தார்கள் என்று தெரியாத பழங்கல் எதுவானாலும் அது பாண்டவருடையதாகிவிடுகிறது. இந்தப் பெயர்கள் எந்த நூற்றாண்டில் வழங்கத் தொடங்கின என்பதைச் சொல்ல முடியாது. ஆதலால் இதை நான் முதன்மைச் சான்றாக வைக்கவில்லை.

காலக்கணக்கும் சீனிவாசனுக்கு உதவவில்லை. அவர் எழுதிய நாளில் பெருங்கற்காலத்தைக் கிறிஸ்துவுக்கு முந்திய சில நூற்றாண்டுகளுக்குள் அடக்கிப் பார்ப்பது வழக்கம். சிவகளைத் தாழியொன்றில் கிடைத்த நெல் கி.மு. 1155 என்று 2021இல் அறிவிக்கப்பட்டது. மயிலாடும்பாறையின் இரும்புக்காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022இல் அறிவித்தார்கள். தொடக்கம் இப்படிப் பின்னுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. முடிவுதான் பிடிபடவில்லை. தொண்டை மண்டலத்து ஈமக்காடுகளில் கடைசிக் கல்வட்டம் எப்போது அடுக்கப்பட்டது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. அது கி.பி. 3ஆம் நூற்றாண்டு வரை நீடித்திருந்தால் சீனிவாசனின் வாதத்துக்குக் கொஞ்சம் உயிர் இருக்கும். அதற்கு முன்பே நின்றிருந்தால் இருக்காது.

அவர் பக்கம் இருக்கும் வலுவான சான்று காஞ்சி நகரமேதான் என்பதையும் மறைக்கக் கூடாது. ஏகாம்பரநாதர் மணல் லிங்கம். திருமஞ்சனம் ஆவுடையாருக்கு மட்டும். வரதராசர் கோயிலின் பழைய மூலவர் அத்தி மரம். அனந்தசரசுக் குளத்திலிருந்து நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை வெளியே எழுந்தருளுவார்; கடைசியாக எழுந்தருளியது 2019இல். உலகளந்த பெருமாள் சுதை. கைலாசநாதரைக் கல்லால் கட்டிய நகரில், மூத்த தெய்வங்கள் மூவரும் கல்லல்லாத உடம்போடு இருக்கிறார்கள். இதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கும் மனமில்லை. ஆனால் செங்கல்லும் மரமும் சுதையும் கொண்டு வேலை செய்த பழைய தொழில்மரபின் எச்சமாகவே இதைக் கொள்ளலாம். ஈமத்தீட்டை இழுத்து வர வேண்டியதில்லை. சாளுவன்குப்பத்தில் 2005க்குப் பின் வெளிப்பட்ட முருகன் கோயிலில் கீழே செங்கற் கட்டடமும் மேலே பல்லவர் காலக் கற்கட்டடமும் ஒரே இடத்தில் அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. செங்கல் அடுக்கின் காலத்தைச் சங்க காலம் வரை கொண்டுபோவதை எல்லோரும் ஏற்கவில்லை. பொருள் மாறியது, இடம் மாறவில்லை என்பது மட்டும் அங்கே தெளிவு.

ஆகவே, கல் ஈமத்துக்கு உரியது என்பதால் கோயிலுக்கு விலக்கப்பட்டது என்ற விளக்கத்தைத் தொண்டை மண்டலச் சான்றுகள் தாங்கவில்லை. கருங்கல்லைச் செதுக்கும் தேர்ச்சி பெற்ற கூட்டமும் அதற்குப் படியளக்கும் அரசும் ஒன்றுசேர்ந்த காலமே கற்றளியின் காலம் என்பது அதைவிடப் பொருத்தமான விளக்கம். அந்தத் தேர்ச்சி எங்கிருந்து வந்தது என்பது தனியே ஆராய வேண்டிய செய்தி. அதற்கு முதற்படியாக, மாமண்டூர்த் தமிழ்-பிராமிக் கல்வெட்டைப் புதிய ஒளிப்பட முறைகளால் மறுபடியும் பதிவுசெய்து, தேய்ந்த எழுத்துகளைப் படித்துப் பார்க்கும் வேலையைக் கல்வெட்டுத் துறையினர் உடனே எடுத்துக்கொள்ள வேண்டும்.